கோரஸுக்குள் ஒளிந்திருந்த குரல்

ஆடி மாசம் வந்தா எங்க தென்னேரியில யாருக்கும் அலாரம் தேவைப்படாது. விடியறதுக்கு முன்னாடியே கோயில் ஸ்பீக்கர்ல எல்.ஆர். ஈஸ்வரி பாட ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு வரி போதும், யார் குரல்னு தெரிஞ்சிடும். ஆனா இதே குரல் பல வருஷம் யார் காதுலயும் தனியா விழுந்ததில்லை.

ஈஸ்வரியின் அம்மா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு போன ஈஸ்வரியும் 'மனோகரா' (1954) படத்தில் கோரஸில் பாடினார். அப்போதெல்லாம் பாடகர், வாத்தியம், கோரஸ் எல்லாம் ஒரே டேக்கில் பதிவாகணும். ஒருத்தர் தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லேருந்து பாடணும். கோரஸில் ஒரு குரல் மட்டும் தனியா தெரிந்தால் அதுவும் தப்புதான். அதாவது, தன் குரலை மறைப்பதுதான் அவருடைய முதல் வேலை.

1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். பெயர் வாங்கித் தந்தது 1961-ல் வந்த 'பாசமலர்' கல்யாணப் பாட்டு. அதில் ஈஸ்வரி முன்னால் பாட, கோரஸ் பின்னால் வருகிறது. இடம் மாறிவிட்டது, ஆனால் குரல் இன்னும் அடக்கமாகத்தான் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஈஸ்வரி அதற்கப்புறம்தான் வருகிறார். 'பணமா பாசமா'வில் (1968) பழம் விற்கும் குரல், 'சிவந்த மண்'ணில் (1969) சாட்டையடிக்கு நடுவே அலறல், 'வெள்ளி விழா'வில் (1972) காதோரக் கிசுகிசுப்பு.

'பாசமலர்' பாட்டையும் 'சிவந்த மண்' பாட்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. நடுவுல எட்டு வருஷம். ஃபைனல் இயர்லயே நம்ம ரூட் தெரியலையேன்னு புலம்பற நமக்கு, அந்த எட்டு வருஷம் கொஞ்சம் தைரியம் தருது.