தரையில் வண்டி, தண்ணீரில் படகு

சாலை வழியே ஓடிவரும் பேருந்து ஆற்றங்கரையை அடைந்தால் பாலத்தைத் தேடும். பாலம் இல்லையேல் வந்த வழியே திரும்பும். படகோ கரை தட்டியதும் நின்றுவிடும். நிலத்துக்கு ஓர் ஊர்தி, நீருக்கு ஓர் ஊர்தி என்பதே நாம் அறிந்த முறை. ஆயினும், ஓடிவந்த சக்கரங்களோடே ஆற்றில் இறங்கி, படகாய் மிதந்து, மீண்டும் கரையேறித் தெருவில் ஓடும் விந்தை ஊர்தியும் உலகில் உண்டு. அமெரிக்க நாட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இவ்வூர்தியை அங்குள்ளோர் 'டக்', அதாவது வாத்து, என்று செல்லமாக அழைக்கின்றனர்.

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காண அந்நாட்டுக்குச் சென்று வரும் பெற்றோர் நம் குடும்பங்களில் பலர் இருக்கின்றனர். அவர்களை மகிழ்விக்க விரும்பும் பிள்ளைகள் இந்த வாத்துச் சவாரிக்கும் அழைத்துச் செல்வதுண்டு. எனவே இதன் வரலாற்றையும், இது தரும் இன்பத்தையும், இதில் மறைந்திருக்கும் இடரையும் நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

போரில் பிறந்த வாத்து

இந்த ஊர்தி விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்குப் பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. பகைவர் வசமிருந்த கடற்கரைகளில் இறங்கும் படைக்குத் துறைமுகம் ஏது? கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, உணவும் மருந்தும் வெடிமருந்தும் மணற்கரைக்கு வந்து சேர வழி வேண்டியிருந்தது. 1942-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆறு சக்கர லாரிக்குப் படகின் உடலைப் பொருத்தி இதற்கு விடை கண்டனர். கப்பல் வடிவமைப்பாளர் ரோட் ஸ்டீபன்ஸ், கடலோடி டென்னிஸ் புலெஸ்டன், பொறியாளர் பிராங்க் ஸ்பியர் ஆகியோர் இம்முயற்சியில் பங்கு கொண்டவர்கள்.

நிறுவனத்தார் வழங்கிய குறியெழுத்துக்கள் டி, யு, கே, டபிள்யு என்பன. 1942-ஆம் ஆண்டு வடிவம் என்பதை முதல் எழுத்தும், பலவகைப் பயனுக்குரியது என்பதை இரண்டாம் எழுத்தும், எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்வதை மூன்றாம் எழுத்தும், பின்புறத்து இரட்டை அச்சுக்களை நான்காம் எழுத்தும் குறித்தன. நான்கையும் சேர்த்துப் படித்த போர்வீரர்களின் வாயில் அது 'டக்' என்றாயிற்று.

முதலில் படைத்துறையினர் இதனை ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. 1942 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிராவின்ஸ்டவுன் கடற்கரையில், கடலோரக் காவற்படைப் படகொன்று புயலில் மணல்மேட்டில் சிக்கிக்கொண்டது. பொங்கிய அலைகளில் வேறு படகுகள் நெருங்க இயலவில்லை. செய்முறை விளக்கத்திற்காக அங்கு வந்திருந்த சோதனை வாத்து கடலில் இறங்கி, சிக்கியிருந்த 7 பேரையும் மீட்டு வந்தது. அதன் பின் ஐயம் அகன்றது. 21,000-க்கும் மேற்பட்ட வாத்துக்கள் கட்டப்பட்டன. 1943-இல் சிசிலித் தீவிலும், 1944-இல் நார்மண்டிக் கரையிலும் அவை ஆற்றிய தொண்டு பெரிது.

31 அடி நீளமுள்ள அவ்வூர்தி இரண்டரை டன் சரக்கையோ 25 வீரர்களையோ சுமக்கவல்லது. சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும். நீரிலோ 10 கிலோமீட்டர்தான். நீரில் இறங்கியதும் பின்புறத்தின் அடியிலுள்ள சுழல்விசிறி அதனைத் தள்ளும். சுக்கான் திசை திருப்பும். உட்புகும் நீரைப் பம்புகள் இறைத்து வெளியேற்றும். மணலில் புதையாதிருக்க டயரின் காற்றை ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தவாறே கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது.

பாஸ்டன் மாநகரில் ஒரு சவாரி

போர் முடிந்ததும் மிஞ்சிய ஊர்திகள் விலைக்கு வந்தன. 1946-ஆம் ஆண்டிலேயே விஸ்கான்சின் மாநிலத்து டெல்ஸ் என்னும் ஊரில் வாத்துச் சவாரி தொடங்கிவிட்டது. பின்னர் வேறு பல நகரங்களுக்கும் அது பரவியது. பாஸ்டனில் 1994-இல் தொடங்கிய சவாரி மிகுந்த புகழ் பெற்றது. 2002 முதல், அந்நகரின் விளையாட்டுக் குழுக்கள் வாகை சூடும்போது வீரர்கள் ஊர்வலம் வருவதும் இவ்வாத்துக்களின் மேலேயே.

சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள அன்பர் குடும்பம் ஒன்றோடு நாமும் அதில் ஏறினோம். உயர்ந்த இருக்கைகளிலிருந்து பாஸ்டன் காமன் பூங்காவையும், பொற்கூரை வேய்ந்த மாநில ஆட்சி மன்றத்தையும் கண்டோம். வழியில் செல்வோரைப் பார்த்து 'குவாக், குவாக்' எனக் கத்துமாறு வழிகாட்டி கூற, முதலில் சிறுவர்களும், பின்னர்க் கூச்சம் நீங்கிய பெரியவர்களும் கத்தினர். தெருவில் நின்றோர் கையசைத்துச் சிரித்தனர்.

சார்லஸ் ஆற்றங்கரைச் சரிவை அடைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினர். வண்டி முகம் தாழ்த்தி நீருக்குள் சென்றது. இருபுறமும் நீர் தெறித்தது. சக்கரங்களின் அதிர்வு அடங்கி, மெல்லிய தாலாட்டு தொடங்கியது. ஓட்டுநர் சிறுவர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்து, தம் மேற்பார்வையில் சிறிது நேரம் சுக்கானைப் பிடிக்கச் செய்தார். எம்மோடு வந்த ஏழு வயதுச் சிறுமி கப்பல் தலைவியின் மிடுக்கோடு திரும்பி வந்து அமர்ந்தாள். கொல்லும் போருக்காகச் செய்யப்பட்ட கருவி குழந்தைகளின் சிரிப்புக்கு உதவுவது கண்டு நாம் மகிழ்ந்தோம்.

நிழல் தந்த கூரை

எனினும் இம்மகிழ்ச்சியின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. 1999 மே 1-ஆம் நாள் ஆர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் நகருக்கருகே, ஹாமில்டன் ஏரியில் இறங்கிய வாத்து ஒன்று சில நிமிடங்களிலேயே மூழ்கியது. அதிலிருந்த 21 பேரில் 13 பேர் மாண்டனர். அச்சைச் சுற்றி நீர் புகாது காக்கும் ரப்பர் உறை தளர்ந்திருந்ததும், பராமரிப்புக் குறைவுமே காரணம் என விசாரணையில் தெரிந்தது.

இன்னொரு காரணமும் வெளிப்பட்டது. வெயிலுக்கும் மழைக்கும் நிழலாக அமைத்த மேற்கூரை, படகு மூழ்கியபோது கூண்டாக மாறிவிட்டது. நீரில் மேலெழும் மனிதன் கூரையில் முட்டி நிற்பான். மிதவைச் சட்டை அணிந்திருந்தாலோ அதுவே அவனைக் கூரையோடு சேர்த்து அழுத்தும். எனவே நீர் புகுந்தாலும் மூழ்காதவாறு மிதப்பாற்றலைக் கூட்ட வேண்டும். அஃது இயலாதபோது கூரையை அகற்ற வேண்டும் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. இப்பரிந்துரைகள் அப்போது சட்டமாகவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2018 ஜூலை 19 அன்று மிசூரி மாநிலத்துப் பிரான்சன் நகரருகே டேபிள் ராக் ஏரியில் மற்றொரு வாத்து இறங்கியது. கடும்புயல் எச்சரிக்கை வெளியாகி இருபது நிமிடங்களுக்கு மேலாகியிருந்தது. புயலுக்கு முன் முடித்துவிடலாம் என்று எண்ணி, தரைச் சுற்றுக்கு முன்பாக நீர்ச் சுற்றைத் தொடங்கினர். இறங்கியபோது ஏரி அமைதியாய் இருந்தது. சில நிமிடங்களில் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மிகுந்த சூறைக்காற்று பாய்ந்தது. மிதவைச் சட்டைகள் படகில் இருந்தும், அவற்றை அணியுமாறு பயணிகளிடம் கூறப்படவில்லை. 31 பேரில் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 9 பேர் ஒரே குடும்பத்தினர்.

இதன் பின்னரே, 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்று, தப்பிச் செல்வதைத் தடுக்கும் கூரைகளை நீக்கவும், மிதப்பாற்றலைப் பெருக்கவும், வானிலையை முன்னறிந்து செயற்படவும் ஆணையிட்டது. 2023-இல் கடலோரக் காவற்படை அதற்குரிய விதிகளை வெளியிட்டது. முன்னரே எழுதி வைக்கப்பட்ட அறிவுரை நடைமுறைக்கு வருவதற்குள் மீண்டும் 17 உயிர்கள் போய்விட்டன என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

தரையிலும் கவனம் தேவை. பாஸ்டனில் 2016-இல் ஓர் இளம்பெண் வாத்து மோதி இறந்தார். அதுவரை வண்டியை ஓட்டியவரே கதை சொல்லியும் வந்தார். அதன்பின் மாசச்சூசெட்ஸ் மாநிலம், ஓட்டுவதற்கு ஒருவரும் விளக்கிக் கூறுவதற்கு வேறொருவரும் இருத்தல் வேண்டும் எனச் சட்டமியற்றியது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றைக் கூறுவது அச்சுறுத்துவதற்கன்று. பல ஆண்டுகளாக எண்ணற்றோர் இச்சவாரியை நலமே முடித்துத் திரும்பியுள்ளனர். ஏறுமுன் சிலவற்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். அன்றைய வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். வானம் கறுத்தால், சீட்டுக்குக் கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுங்கள். மிதவைச் சட்டை எங்குள்ளது, குழந்தைக்குரிய அளவில் உண்டா, எப்போது அணிவது என்று கேளுங்கள். தலைக்கு மேல் கூரை இருந்தால் வெளியேறும் வழியை முன்னரே பார்த்து வையுங்கள். நீரில் இறங்குமுன் இருக்கை வார் கழற்றப்பட வேண்டும். குழந்தைகளின் வாரையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று எண்ணி நம்மவர் பலர் வாளா இருந்துவிடுகின்றனர். குடும்பத்தோடு செல்லும்போது அக்கூச்சம் வேண்டாம். நல்ல ஓட்டுநர் அக்கேள்வியை மகிழ்ந்தே வரவேற்பார். கேட்டறிந்த பின் குழந்தைகளோடு சேர்ந்து நீங்களும் வாத்தைப்போல் கத்தி மகிழுங்கள்.