கிட்டாத கலாசாலையும் கிடைத்த கலாசாலையும்

மார்ச்சு மாதக் கடைசி அமெரிக்காவில் மாணாக்கர் வீடுகளிலெல்லாம் நெஞ்சு படபடக்கும் காலம். பெரிய சர்வகலாசாலைகள் பல தங்கள் முடிவை அறிவிப்பது அப்பொழுதுதான். நம்மவரின் பிள்ளைகளும் ஆண்டுதோறும் அங்கு விண்ணப்பம் செய்துகொள்வதால், அந்தப் படபடப்பு நமது வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சின்னாட்களுக்கு முன் நண்பர் ஒருவர் தம் புதல்வனுடன் நம்மைக் காண வந்தார். பையன் அமெரிக்காவில் ஏழு கலாசாலைகளுக்கு எழுதியிருந்தான். ஆறு கைவிரித்துவிட்டன. அதிகம் பெயர் அடிபடாத ஏழாவது கலாசாலை இடம் கொடுத்திருக்கிறது. "அங்கே போகிறேன், ஆனால் பெட்டியைப் பிரிக்க மாட்டேன். ஓராண்டு கழிந்ததும் வேறிடத்திற்கு மாறிவிடுவேன்" என்றான் அவன். தகப்பனாருக்கோ உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை. இவ்விருவருக்கும் நாம் கூறியது இதே நிலையிலுள்ள பிறருக்கும் பயன்படலாமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, இந்த நிராகரிப்பின் பொருள் என்ன? 2024ல் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு 54,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். இடம் பெற்றவர் 2,000 பேருக்கும் குறைவு. எஞ்சிய 52,000 பேரும் மூடர்கள் என்று எவரேனும் சொல்லத் துணிவரா? இடம் சில, கேட்போர் பலர். வக்கீல்களின் பாஷையில் சொன்னால், இது வழக்கின் உண்மையை விசாரித்து எழுதிய தீர்ப்பன்று. விசாரிக்க நேரமில்லையென்று திருப்பிய மனு.

பெருஞ்செல்வராகிய வாரன் பப்பெட்டை ஹார்வர்டின் வர்த்தகக் கலாசாலை 1950ல் மறுத்துவிட்டது. அவர் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே பெஞ்சமின் கிரகாம் என்னும் ஆசிரியரிடம் கற்ற முதலீட்டு முறையே அவரது செல்வத்திற்கு அடிப்படையாயிற்று. அதற்கு முன்னரே, 1947ல் தாம் சேர்ந்த புகழ்பெற்ற வார்ட்டன் கலாசாலையை விட்டு, சொந்த ஊர்ப்பக்கத்து நெப்ராஸ்கா சர்வகலாசாலைக்கு மாறிப் பட்டம் பெற்றவர் அவர். மாறுவதென்றால் பெரிய பெயரை நோக்கியே மாறவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

மாறுதல் அந்நாட்டில் இழிவன்று. எவரும் அறிந்த ராஜபாட்டை. பராக் ஒபாமா 1979ல் ஆக்ஸிடெண்டல் என்னும் சிறிய கலாசாலையில் சேர்ந்து, இரண்டாண்டுகள் படித்து, 1981ல் கொலம்பியாவுக்கு மாறினார், 1983ல் பட்டம் பெற்றார், 2009ல் ஜனாதிபதியானார். காலிபோர்னியா ராஜ்யமோ இவ்வழியைச் சட்டமாகவே வகுத்தது. 1960ல் அவர்கள் செய்த திட்டப்படி, பள்ளியில் தேறுவோரில் மேல் எட்டில் ஒரு பங்கினரே காலிபோர்னியா சர்வகலாசாலையில் நேராகச் சேரத் தகுதியுள்ளவர். ஆனால் இரண்டாண்டுக் கலாசாலைகள் யாவருக்கும் திறந்திருக்கும். அவற்றில் நன்கு தேறுவோர் மூன்றாம் ஆண்டில் வந்து சேரவேண்டும் என்பதற்காக, சர்வகலாசாலை மாணாக்கரில் 100க்கு 40 பேர் கீழ் வகுப்புக்களிலும், 60 பேர் மேல் வகுப்புக்களிலும் இருக்கும்படி ஏற்பாடு செய்தனர். இன்று அதன் கிளைகளில் ஆறு, குறித்த பாடங்களைக் குறித்த மார்க்குடன் முடித்துவரும் அம்மாணாக்கருக்கு இடம் நிச்சயம் என்று முன்னதாகவே வாக்களிக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டீகோ ஆகிய மூன்றும் அவ்வாக்குத் தருவதில்லை. எனினும் மாறி வருவோரை அவையும் ஏற்கின்றன.

ஆனால் இந்தப் பாட்டையில் சுங்கச் சாவடியும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2004 முதல் 2009 வரை கலாசாலை மாறிய மாணாக்கர், முன்பு படித்துத் தேறிய பாடங்களின் கணக்கில் சராசரி 43 சதவிகிதத்தை இழந்தனர் என்று, அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017ல் மதிப்பிட்டது. இழந்த பாடத்தை மீண்டும் படிப்பதென்றால் மீண்டும் பணம், மீண்டும் காலம். பிரின்ஸ்டன் சர்வகலாசாலை 1990க்குப் பின் 2018 வரையில் மாறி வருவோர் எவரையும் சேர்க்கவில்லை. புதிதாகச் சேர்பவனுக்குக் கிடைக்கும் உபகாரச் சம்பளம் மாறி வருபவனுக்கும் கிடைக்கும் என்று நம்பியிருப்பதும் தவறு.

ஆகவே, அந்தப் பையனுக்கு நாம் கூறியது இதுதான்: தம்பி, முதலில் பெட்டியைப் பிரி. நீ மாற விரும்பும் கலாசாலை உன்னிடம் எதைக் கேட்கும்? இப்பொழுது சேரும் கலாசாலையில் நீ பெற்ற மார்க்குகளைக் கேட்கும். அங்குள்ள ஆசிரியர் உன்னைப்பற்றி எழுதும் கடிதத்தைக் கேட்கும். இருக்கும் இடத்தை இகழ்ந்து, பின் வரிசையில் முகம் திருப்பி உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த ஆசிரியர் நற்சாட்சி எழுதுவார்? கிட்டாத கலாசாலைக்கு வழி, கிடைத்த கலாசாலையின் உள்ளேதான் போகிறது.

முதற் பருவம் முடியட்டும். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, மாறுவதற்குரிய காரணங்களை எழுதிப் பார். நீ விரும்பும் பாடம் இங்கே இல்லை என்றாவது, செலவு தாங்கவில்லை என்றாவது இருந்தால் அவை காரணங்கள்; எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று எழுத்து மூலமாகக் கேட்டறிந்துகொண்டு தாராளமாய் மாறு. ஊரார் மெச்சவேண்டும் என்பது ஒன்றே எஞ்சினால், அதற்காக ஓராண்டையும் தகப்பனார் பணத்தையும் இழப்பது மதியாகாது. அங்கேயே இருந்துவிடத் தோன்றினால் அதில் வெட்கமும் இல்லை.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. தேர்தலில் தோற்ற தொண்டனை நாம் வீட்டுக்குள் ஒளித்துவைப்பதில்லை; அடுத்த கூட்டத்தில் நம்மோடு மேடையேற்றுகிறோம். சொந்தப் பிள்ளைக்கு அந்த மரியாதையையாவது காட்டக்கூடாதா? பதினேழு, பதினெட்டு வயதில் வந்த ஒரு கடிதத்தைக் கொண்டு வாழ்நாள் முழுவதையும் எடை போடும் பெரியவர்களே அவனுக்கு அதிகத் தீங்கு செய்கிறார்கள். கலாசாலைகள் மறுத்தது ஓர் இடத்தை மட்டுமே. வீடும் சேர்ந்து அவனை மறுத்துவிட வேண்டாம்.