கொழுப்பைக் கொடுத்து மூளைக் கட்டியைப் பட்டினி போட முடியாது

வீட்டில் ஒருவருக்கு மூளையில் புற்றுக்கட்டி என்று தெரிந்த வாரத்திலேயே அறிவுரைகள் வந்து குவியத் தொடங்கும். அவற்றில் அதிகம் நம்பப்படுவது இது: சோறு, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், தேங்காய் எண்ணெய், நெய், முட்டை, இறைச்சி மட்டும் கொடுங்கள். புற்றுக்குச் சர்க்கரைதான் சாப்பாடு, கொழுப்பை எரிக்க அதற்குத் தெரியாது, தானாகச் செத்துவிடும். இதில் முதல் பாதிக்கு அறிவியல் அடிப்படை உண்டு. இரண்டாவது பாதி தவறு. அந்தத் தவறை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது இதுதான்: புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்கின்றன, ஆக்சிஜன் இருக்கும்போதும் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இன்றைய பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்ந்து தெரிவது இந்தக் குணத்தால்தான். அதே காலத்தில், 1921இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவை முன்வைத்தார். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டால், கல்லீரல் கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கும். மூளை அதை எரித்து வாழும். பின்னாளில் ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்து யோசித்தார்கள். நல்ல மூளை கீட்டோனில் பிழைக்கும், கட்டியால் முடியாதல்லவா? 1995இல் லிண்டா நெபலிங் குழுவினர், மூளைக் கட்டி முற்றிய இரண்டு சிறுமிகளுக்கு இந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி குளுக்கோஸை இழுப்பது குறைந்தது. ஒரு குழந்தை ஓராண்டு நோய் மோசமாகாமல் இருந்தாள். பாஸ்டன் கல்லூரியின் தாமஸ் சேஃப்ரீட் எலிகளில் நடத்திய ஆய்வுகளும் நம்பிக்கையைக் கூட்டின. சோதித்துப் பார்க்கத் தகுந்த யோசனைதான் அது.

சோதித்தும் பார்த்தார்கள். இந்த விஷயம்தான் பகிரப்படும் வீடியோக்களில் வருவதில்லை.

ஜெர்மனியில் எர்கோ என்ற ஆய்வில், கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி திரும்ப வந்த 20 நோயாளிகள் கீட்டோ உணவை எடுத்துக்கொண்டார்கள். 2014இல் முடிவு வெளியானது. உணவு பெரிய தீங்கு செய்யவில்லை. ஆனால் உணவை மட்டும் நம்பியபோது பாதிப் பேருக்குக் கட்டி மறுபடி வளர்ந்துவிட ஏறக்குறைய ஐந்து வாரம்தான் ஆனது. அடுத்து வந்த எர்கோ-2இல் 50 நோயாளிகள். மறுபடி கரண்டு (கதிர்வீச்சு) வைக்கும் நாட்களில் ஒரு பிரிவினருக்குக் கீட்டோ உணவும் இடையில் மூன்று நாள் பட்டினியும், மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. 2020இல் வெளியான முடிவின்படி, கட்டி வளராமல் இருந்த காலத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. இரத்தச் சர்க்கரை நன்றாக இறங்கியவர்கள் சற்றுக் கூடுதல் காலம் இருந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கவனித்தார்கள். அது மேலும் ஆராயவேண்டிய குறிப்பு. அதை வைத்துக்கொண்டு யாரும் மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது.

ஏன் பலிக்கவில்லை? கட்டி நாம் நினைத்ததுபோல் ஒரே உணவை நம்பியிருக்கவில்லை. டெக்சாஸின் டல்லஸ் நகரில் எலிசபெத் மேகர் குழுவினர், அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளின் இரத்தத்தில் அடையாளமிட்ட அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். கொழுப்பு அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்தபோது, கட்டி அதை எரித்துச் சக்தியாக்கியிருந்தது தெரிந்தது. 2014ஆம் ஆண்டு ஆய்வு அது. 2017இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், கிளியோபிளாஸ்டோமாவும் அடங்கிய கிளியோமா வகைக் கட்டிகளின் செல்கள் கொழுப்பு அமிலங்களை எரித்துப் பிழைப்பதைக் காட்டினார்கள். 2020இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த ஆய்வு நேரடியாகவே சொன்னது: கிளியோபிளாஸ்டோமா கொழுப்பு அமிலத்தையும் கீட்டோனையும் பயன்படுத்திக்கொள்கிறது, அதனால் கீட்டோ உணவின்போதும் வளர்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளிலோ, இந்தக் கட்டியின் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேமிக்கப்பட்டிருந்தன. நல்ல மூளைத் திசுவில் அப்படி இல்லை. நாம் பட்டினி போடுவதாக எண்ணிக் கொடுக்கும் கொழுப்பையே எரிக்கத் தெரிந்த கட்டி இது. கிளீவ்லண்டில் 2021இல் வெளியான எலி ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு தின்ற எலிகளில் கட்டி இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று உறுதியில்லை. ஆனால் எலி ஆய்வைக் காட்டிக் கீட்டோவைப் பரிந்துரைப்பவர்கள் இந்த எலிகளையும் காட்டவேண்டும்.

சரி, கொழுப்பையே நிறுத்திவிடலாமா? அதுவும் பயன் தராது. மார்பகத்திலிருந்து மூளைக்குப் பரவும் ஒரு வகைப் புற்று, அங்கே கொழுப்பு போதாதபோது தானே அதைத் தயாரித்துக்கொள்கிறது என்று 2021இல் கண்டறிந்தார்கள்.

குற்ற உணர்வில் தவிக்கும் தாய்மார்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நீங்கள் ஊற்றிய எண்ணெயால் இந்தக் கட்டி வரவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த மூன்று பெரிய ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் அலசினார்கள். அவர்களில் 2,300க்கும் மேற்பட்டோருக்குக் கிளியோமா வந்திருந்தது. முக்கிய உணவு வகை, சத்து எதற்கும் இந்த நோய்க்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் மிகச் சில: தலையில் முன்பு பட்ட கதிர்வீச்சு, அபூர்வமான சில பரம்பரைக் கோளாறுகள். ரேஷன் கடைப் பாமாயிலால் புற்று பரவும் என்ற செய்தியும் சுற்றுகிறது. அதன் மூலம் பார்சிலோனாவில் நடந்த ஓர் ஆய்வு. பாமாயிலில் உள்ள பால்மிட்டிக் அமிலம் எலிகளில் வாய்ப்புற்றும் தோல்புற்றும் பரவ உதவியது என்கிறது அது. மூளையில் கட்டி உண்டாவது பற்றி அதில் ஒன்றுமில்லை.

இனி, கடையில் விற்பவற்றைப் பார்ப்போம். மூளைக்குக் கீட்டோன் தரும் மருந்து என்று செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைகள் கீட்டோ உணவில் சேர்க்கும் எம்.சி.டி. எண்ணெய் வேறு. அதில் கேப்ரிலிக், கேப்ரிக் அமிலங்கள்தான் பெரும்பகுதி. அவை சட்டென்று கீட்டோனாகும். தேங்காய் எண்ணெயில் இவ்விரண்டும் சேர்ந்து சுமார் 15 சதவீதம்தான். ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது அவ்வளவு எளிதில் கீட்டோனாவதில்லை.

மீன் எண்ணெய் மாத்திரையால் கெடுதல் இல்லை என்று எல்லோரும் எண்ணுகிறோம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடந்த வைட்டல் ஆய்வு, அந்த மாத்திரை புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை என்று 2018இல் சொல்லிவிட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் கவலைக்குரியது. மீன் எண்ணெயில் உள்ள ஓர் அபூர்வமான கொழுப்பு அமிலம் எலிகளில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்தது. மனிதர்களுக்கு மீன் எண்ணெய் கொடுத்தபோதும் அந்த அமிலம் இரத்தத்தில் ஏறியது. குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குச் சிஸ்பிளாட்டின் முக்கியமான மருந்துகளில் ஒன்று. கீமோ நடக்கும் பிள்ளைக்கு மூளை வளரட்டும் என்று ஒமேகா-3 மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் மருத்துவரிடம் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது.

நீரிழிவும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் நெருங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன, நம்மில் பலர் சாப்பிடுகிறார்கள். இவற்றோடு கீட்டோ உணவும் சேர்ந்தால் இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே அது நடக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம். கட்டியின் தொல்லை என்றே நினைத்துக்கொள்வோம். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், கொழுப்பு அமிலத்தைச் செல்லின் உலைக்குள் கொண்டுசெல்லும் கார்னிடைனைக் குறைக்கக்கூடும். உடல் கொழுப்பையே நம்பியிருக்கும்போது அதுவும் சிக்கல். கீமோவில் ஏற்கெனவே உடல் இளைத்துக்கொண்டிருப்பவருக்கு, சோற்றையும் பறித்தால் அடுத்த சுற்று மருந்தைத் தாங்குவதே கடினம்.

கிளியோபிளாஸ்டோமாவில் காலம் மிகக் குறைவு. 2005இல் ரோஜர் ஸ்டூப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கரண்டு மட்டும் வைத்தவர்களில் இரண்டாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 10.4 சதவீதம். டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துக்கொண்டவர்களில் 26.5 சதவீதம். பெரிய எண் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அது மனிதர்களிடம் சோதித்து உறுதியான எண். எந்த எண்ணெயும் எந்த உணவுமுறையும் இதுவரை அப்படி ஓர் எண்ணைக் காட்டவில்லை.

கீட்டோ உணவை முயன்று பார்க்க விரும்பினால் புற்றுநோய் மருத்துவரிடமும் மருத்துவமனை உணவு நிபுணரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கீமோவோடும் கரண்டோடும் சேர்த்துக் கண்காணிப்பில் செய்ய வழியுண்டா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரையின் பெயர், வலிப்பு மாத்திரையின் பெயர், கடையில் வாங்கிய எண்ணெய்க் குப்பிகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். குறித்துக் கொடுத்த கரண்டு நாளையும் கீமோ நாளையும் எந்தச் சாப்பாட்டுக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.