நெல் டிரெய்லர்: பிரேக் போட்டாலும் ஏன் உடனே நிற்காது?

சம்பா அறுவடை சமயத்தில் தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் கார் ஓட்டியிருக்கீங்களா? முன்னால் நெல் மூட்டைகளோடு ஒரு டிராக்டர் போய்க்கிட்டிருக்கும். ‘மெதுவாத்தானே போகுது, என்ன ஆபத்து?’ என்று தோணும். ஆபத்து வேகத்தில் இல்லை, எடையில்.

40 கிலோ மூட்டைகள் 100 ஏற்றினால் 4 டன். இழுக்கிற டிராக்டரோ சுமார் 2 டன்தான். பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. மொத்தத்தையும் டிராக்டர்தான் நிறுத்தணும். பாலத்து இறக்கத்தில் சட்டென பிரேக் அடித்தால், பின்னாலுள்ள சுமை டிராக்டரைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும்.

ஓட்டுபவர்கள் கவனிக்க:

- டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல் உண்டு. வயலில் திரும்ப அது வசதி. சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்கணும். இல்லைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.
- இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம். இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்கணும்.
- பின்பக்கம் சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் அவசியம். தார்ப்பாய் அதை மறைக்கக் கூடாது.

காரில் வருபவர்களுக்கு: முந்திப் போனதும் டிராக்டருக்கு முன்னால் சட்டென பிரேக் போடாதீங்க. நீங்க நிற்கிற தூரத்துக்குள் அவரால் நிறுத்த முடியாது.