மார்கழிக்கு முன் மலரும் வாசல்

மார்கழியில் உதகையில் உறைபனி விழும். திருப்பூரில் வெறும் பனியோடு நின்றுவிடும். ஆயினும் குளிர் நெருங்குவதைச் செடிகள் அறிகின்றன. கோடையெல்லாம் பூத்த மல்லிகை கார்த்திகையில் ஓய, ஊதா நிற டிசம்பர் பூவும், பகல் சுருங்கும்போது மொட்டுவிடும் சாமந்தியும் லைன் வீட்டு வாசல்களிலும் மலர்கின்றன. டிசம்பர் பூவுக்கு மணமில்லை என்று குறை சொல்வோர் உண்டு. கடும் மணம் ஒவ்வாத ஆஸ்துமா நோயாளிக்கு அதுவே நல்லது என்போம் நாங்கள்.

நாங்கள் அஞ்சுவது தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை. பருவமழையோடு டெங்குக் காய்ச்சலும் மிகும் காலம் இது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரை நாடுவது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். உலர்ந்த தட்டிலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் டிரம்மை மூடி, துணியால் இறுக வேடு கட்டுங்கள். பனியன் துணி நம்மூரில் எந்த வீட்டில் இல்லை?

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாக உண்ணலாகாது. காய்ச்சல் தணிந்தபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் செடியருகே செல்லும்போதும் செருப்பு அணிக. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், மண்ணிலுள்ள பூஞ்சை கருதி, தொட்டியைக் கிளறும் வேலையை வீட்டாரிடம் விட்டுவிடுங்கள். வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து, எந்தச் சாமந்தி முதலில் விரிகிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்.