என் மகள் வெல்டர் ஆகிறாள்

"ஏன் அம்மிணி, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த நெருப்பு வேலை? நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?" என்றார் என் மாமியார். ராக்கெட் பாகங்களுக்கு வெல்டிங் வைக்கப் போகிறேன் என்று மகள் சொன்ன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் பயம்தான். எங்கள் வீதி மூலைப் பட்டறையில் பறக்கிற பொறியும் புகையும்தானே எனக்குத் தெரிந்த வெல்டிங்! விசாரித்த பிறகுதான் இது வேறு சங்கதி என்று புரிந்தது. 'டிக்' வெல்டிங் என்கிறார்கள். ஒரு கையில் டங்ஸ்டன் முனை வைத்த டார்ச், மறு கையில் மெல்லிய கம்பி. காற்றுப் படாமல் ஆர்கான் வாயு காவல் நிற்கும். டைட்டானியம் சூட்டில் காற்றுப் பட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெல்டிங் வெள்ளியாக மின்னினால் சரி, நீலம் பாரித்தால் தள்ளுபடி. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசைகூட ஆகாது. தலையைக் கோதிய கையோடு தொட முடியாது! பிறகு எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை உண்டா என்று பார்ப்பார்கள். கை ஒரே சீராக நகர வேண்டும். இழைக்கோலம் போடுகிறவளுக்கு அது வராதா என்ன?

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம். எட்டாவது தேறினாலே சேரலாம். உடனே ராக்கெட்டைத் தொட விடமாட்டார்கள். அப்ரண்டிஸ், பிறகு சில வருஷப் பழக்கம், உலோகத்துக்கு உலோகம் தனிப் பரீட்சை. திருச்சியில் 'பெல்' நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம் கோவையும் உண்டு. நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன எல்.எம்.டபிள்யூ. விமான பாகங்களும் செய்கிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது கண்ணை. கறுப்புக் கண்ணாடி மூடி இல்லாமல் வெளிச்சத்தைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி மணல் விழுந்தாற்போல் உறுத்தி நீர் கொட்டும். தாய்ப்பால், வெங்காயச் சாறு என்று எதையும் விட வேண்டாம். கண் டாக்டரிடம் போங்கள். நைலான் துணி உருகி ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் போட வேண்டும். வளையலைக் கழற்றி, பின்னலைத் தொப்பிக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

சேர்ந்து ஏழு மாசமாகிறது. போன வாரம் பாட்டியின் இரும்புக் கட்டில் கால் விட்டுப்போக, பக்கத்துப் பட்டறையில் அவளே வைத்தாள். முதலில் கோணலாக வந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மாமியார் அதில்தான் படுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.