பூட்டியின் பெயர் என்ன?

உங்கள் அப்பாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அப்பப்பாவின் பெயரும் தெரியும். அவருடைய அப்பா, அதாவது உங்கள் பூட்டன், அவரின் பெயர் என்ன? கொஞ்சம் யோசித்துச் சிலர் சொல்லிவிடுவீர்கள். சரி, உங்கள் அம்மாவின் அம்மம்மாவுக்கு என்ன பெயர்?

எங்களோடு வேலைசெய்யும் தமிழ் ஆட்களிடம் தேநீர் இடைவேளையில் இதைக் கேட்டுப் பார்த்தோம். பூட்டனின் பெயரைச் சொன்னவர்கள் உண்டு. பூட்டியின் பெயர் ஒருவருக்கும் வரவில்லை. ஒருவர் மட்டும், "ஆச்சி எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

நாங்கள் குடியிருப்பது லண்டனின் தென்பக்கத்தில், மிச்சம் என்ற இடத்தில். முதன்முதலில் ஊருக்கு ரெலிபோன் எடுத்து இடத்தின் பெயரைச் சொன்னபோது அம்மா, "என்ன மோனை மிச்சம்? ஆர் விட்ட மிச்சம்?" என்று கேட்டா. இங்குள்ள தமிழாக்கள் ஒருதரமாவது சொல்லிச் சிரித்த பகிடிதான் அது. பக்கத்தில் ரூட்டிங், அங்கே அம்மன் கோயிலும் தமிழ்க் கடைகளும். விம்பிள்டனில் 1981 தொடக்கம் பிள்ளையார் இருக்கிறார். இடியப்பமும் சம்பலும் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஆகவே ஊரில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று நாங்கள் அழுது புலம்பப் போவதில்லை. போவது வேறொன்று. அது மெல்ல மெல்லப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெயரிலிருந்து தொடங்குவோம்.

ஊரில் எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தையாவின் மகன் செல்லையா என்றால் அவர் கந்தையா செல்லையா. செல்லையாவுக்கு ஒரு மகன் பிறந்ததும் கந்தையா கழன்றுவிடுவார். இந்த நாட்டுக்கு வந்து விண்ணப்பப் பத்திரம் நிரப்பும்போது 'சேர்நேம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்ற பிரச்சினை வந்தது. எங்களில் அநேகர் தகப்பன் பெயரை எழுதினோம். அன்று தொட்டு அதுதான் எங்கள் பெயர்.

ஊரில் பிள்ளைகள் அப்பாவின் பெயரை வாயால் சொல்வதில்லை. பெரியவர்கள் யாராவது "தம்பி, உம்முடைய தேப்பன்ரை பேர் என்ன?" என்று கேட்டால் மட்டும் குரலைத் தணித்துச் சொல்லுவோம். இங்கே இரவு வேலைக்குப் பொறுப்பாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பொடியன், மெசின் சத்தத்துக்கு மேலால், அப்பாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் முறித்தெடுத்து எங்களைக் கூப்பிடுகிறான். அவன் நல்ல பொடியன். அவனுக்கு அது எங்கள் பெயர், அவ்வளவுதான். அப்பா காலமாகிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு இரவும் அவருடைய பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரியின் பாடு இன்னும் மோசம். அவவின் கடவுச்சீட்டில் அவவுடைய அப்பாவின் பெயர் பின்னுக்கு நிற்கிறது. டொக்டரிடம் போனால் அந்தப் பெயருக்கு முன்னால் 'மிஸிஸ்' போட்டு அழைக்கிறார்கள். எங்கள் கணக்கில் அது எவ்வளவு பெரிய பிழை என்று விளக்கப் போனால் டொக்டரைப் பார்க்கும் முறை போய்விடும். அவ பேசாமல் எழும்பிப் போகிறா. பிள்ளைகளுக்கு எங்கள் பெயர். ஆக, ஒரு வீட்டுக்குள் நாலு பேர், மூன்று குடும்பப்பெயர். விமானநிலையத்தில் கேள்வி வரலாம் என்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எப்போதும் கைப்பையில் கொண்டுபோகிறோம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வில்லங்கம் அல்ல. வேல்ஸ்காரரும் ஒருகாலம் எங்களைப் போலத்தான் இருந்தார்கள். 'ஆப்' என்றால் அவர்கள் மொழியில் மகன். ஹவெலின் மகன் 'ஆப் ஹவெல்'. ஆங்கில முறைக்கு மாறியபோது அது 'பவல்' என்று உறைந்துவிட்டது. 'ஆப் றீஸ்' என்பது 'பிறைஸ்' ஆயிற்று. ஜோன்சன், றொபின்சன் எல்லாம் இந்த வகைதான். எப்போதோ ஒரு ஜோனின் மகன்! ஐஸ்லாந்தில் மட்டும் இன்றைக்கும் பெரும்பாலானோர் தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். விரும்பினால் தாயின் பெயரையும் வைக்கலாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் பின்பெயர் வேறு. அங்கே அது ஒருவருக்கும் புதினமல்ல.

ஆனால் எங்கள் முன்னோர் யோசியாமல் இந்த முறையை வைத்திருக்கவில்லை. பேரன் என்ற சொல்லைப் பாருங்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆனது, பெயரைத் தாங்குகிறவன். யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவும் பேரன்தான், அவருடைய மகனின் மகனும் பேரன்தான். பழைய உறுதிகளில் பார்த்தால் வேலுப்பிள்ளை கந்தர், கந்தர் வேலுப்பிள்ளை, மறுபடி வேலுப்பிள்ளை கந்தர் என்று பெயர் மாறி மாறித் திரும்பி வரும். ஒரு தலைமுறையில் கழன்ற பெயர் அடுத்ததில் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர் சாத்திரியாரும் எண் சாத்திரமும் நட்சத்திர எழுத்தும் வந்து, ஒருவருக்கும் இல்லாத பெயரைத் தேடி வைக்கும் நாகரிகமும் வந்து, அந்தச் சங்கிலி அறுந்தது. இது லண்டனில் நடந்ததல்ல, ஊரிலேயே நடந்து முடிந்த காரியம். பழியை முழுக்க வெள்ளைக்காரனின் கட்டத்தில் போட முடியாது.

இங்கிலாந்தில் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். குடும்பப்பெயராகப் பெற்றோர் விரும்பிய எதையும் வைக்கலாம். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அந்த 42 நாளும் வீட்டில் ஒரு சிறிய பாராளுமன்றம் நடந்தது. அப்பப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக நிரந்தரமாக்கினால் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே பெயராக இருக்கும், பள்ளியில் கரைச்சல் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். "அப்ப மூத்தவளுக்கு என்ன செய்யிறது? பேரை மாத்திறதோ?" என்று வீட்டுக்காரி கேட்டா. அம்மா ஊரிலிருந்து, "பேரன்ரை பேர் பேரனுக்கு வரவேணும். அது எந்தப் பெட்டிக்குள்ளை வந்தாலும் காரியமில்லை" என்று தீர்ப்புச் சொன்னா. கடைசியில் அப்பப்பாவின் பெயர் நடுப்பெயராயிற்று. பின்பெயர் மூத்தவளுக்கு உள்ளதே. ஒரு மனிதரின் பெயரை உறையவைத்து, அவருக்கு முன்னிருந்தவர்களையெல்லாம் வெளியே நிறுத்துவதில் எங்களுக்கு விருப்பமில்லை. மற்றவர்கள் வேறுவிதமாகச் செய்கிறார்கள். அதைப் பிழை என்று சொல்லமாட்டோம்.

பதிவுக் கந்தோரில் சான்றிதழைக் கையில் வாங்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்களுடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பேரனுக்கென்று ஒரு கட்டம் உண்டு. பேரன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் எல்லாம் அதில் எழுதப்படும். இங்குள்ளதில் தாய், தகப்பன், அவர்கள் பிறந்த இடம், தொழில். அதோடு சரி. எங்கள் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்தி இருந்ததாக இந்த நாட்டில் எந்தக் காகிதமும் சொல்லாது. தகப்பன் தொழிற்சாலையில் வேலைசெய்தான் என்று மட்டும் சொல்லும்.

அந்தப் பேரன் கட்டம் எங்கள் மீதுள்ள அன்பினால் வந்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார், அல்லது பேரனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மலையகத் தமிழர் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவார்கள்? பல இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். பூட்டனின் பெயர் என்ன என்ற கேள்வி அவர்களிடம் பகிடியாகக் கேட்கப்படவில்லை.

மூத்தவளின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். ரீச்சர் கொடுத்த தாளில் பெட்டிகள் அச்சடித்திருந்தன. அவளுடைய சிநேகிதியின் மரத்தில் ஒரே பின்பெயர் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்குகிறது. "எங்கடை மரத்திலை ஏனப்பா ஒவ்வொரு வரியிலையும் வேறை வேறை பேர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வட்ஸ்அப்பில் அப்பம்மாவைப் பிடித்தோம். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. மத்தியானம் என்ன கறி சமைத்தது என்பது சில நாளில் நினைவில் இருக்காது. ஆனால் ஆண்வழியில் ஐந்து தலைமுறையைத் தடங்கலில்லாமல் சொன்னா. எந்தப் பூட்டன் எந்தத் தோட்டத்தில் புகையிலை வைத்தார், யார் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனார் என்பதும் வந்தது. பெண்வழிக்கு வந்ததும் தன்னுடைய அம்மம்மாவில் நின்றுவிட்டா. "அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆர் மோனை இருந்தது? எல்லாருக்கும் ஆச்சி."

கல்வெட்டில் இருக்குமோ என்று தேடினோம். இங்கு வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்போம். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பின்னால் வம்சாவழி வரிசை. எங்கள் வேரைப் பற்றி அச்சில் இருப்பதில் பெரும்பகுதி இப்படி இறந்த வீட்டில் கொடுத்ததுதான். நூலகம் என்ற பெயரில் 2005இல் தொடங்கிய இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தால் ஒரு பிரதி அவர்களுக்கும் போகட்டும். ஆனால் ஆச்சியின் காலத்தில் அவவுக்கு யாரும் புத்தகம் அடிக்கவில்லை.

பிறகு அம்மாவே சொன்னா, "உறுதியைப் பார்."

தேசவழமை என்ற எங்கள் வழக்கச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதித்தார்கள். அதில் சொத்து மூன்று வகை. முன்னோர் வழியில் வந்தது முதுசம், மணமான பின் சேர்த்தது தேடியதேட்டம், மகளுக்குக் கொடுப்பது சீதனம். சீதனத்தைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதனால் கண்ணீர் விட்ட குடும்பங்களை அறிவோம். ஆனால் ஒரு விஷயம். சீதனக் காணி பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகிறது. தாய்க்குச் சீதனமாக வந்தது மகளுக்குச் சீதனமாகப் போகிறது. எழுதிக் கொடுக்கும் தாயின் முழுப்பெயர் உறுதியில் வந்தே ஆகவேண்டும். வீட்டில் ஆச்சியாக இருந்தவ நொத்தாரிசுக்கு முன்னால் பெயரோடு நின்றிருப்பா!

அந்த உறுதிகளை வாசிப்பதே ஒரு ருசி. காணிக்கு ஒரு பெயர், பரப்பு இத்தனை, குழி இத்தனை (18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்), நாலு எல்லையிலும் யார் யாருடைய காணி, கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை. மிச்சத்தில் நாங்கள் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போகும் பிக்ஸ் மார்ஷ் என்ற புல்வெளி, 14ஆம் நூற்றாண்டில் இங்கே நிலம் வைத்திருந்த வில்லியம் பிக் என்பவரின் பெயரால் வந்தது. மனிதரை மறந்தாலும் நிலத்தில் பெயர் நிற்கிறது.

எங்கள் சீதனக் காணி வலிகாமம் வடக்கில், மயிலிட்டிப் பக்கம். 1990 யூனில் சனம் எழும்பியது. பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். உறுதிகள் வைத்திருந்த தகரப் பெட்டி 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்த இரவில் எங்கோ தவறிப்போனது. 2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டபோது அம்மா போய்ப் பார்த்தா. வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைப் பனைகள் இல்லை. கிணற்றை வைத்துத்தான் தன் வளவை அடையாளம் கண்டா.

பெட்டி போனாலும் எல்லாம் போகவில்லை. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது இலங்கைச் சட்டம். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம். அம்மாவின் சீதன உறுதியின் போட்டோப்பிரதி ஒன்று ரொறன்ரோவில் அக்காவிடம் இருந்தது. அதற்குள் காணி எப்படி வந்தது என்ற பகுதியில், அம்மாவின் அம்மாவுக்கு 1938இல் எழுதிய முன்னுறுதியின் இலக்கம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் இருக்கவேண்டிய வரி, மடிப்பில் தேய்ந்துபோயிற்று.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சான் போன கிழமை பதிவகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்து, கட்டணமும் கட்டிவிட்டார். பழைய புத்தகங்கள், தேடி எடுக்கக் கொஞ்ச நாள் செல்லும் என்றார்களாம். அம்மா காலையும் மாலையும் ரெலிபோன் எடுத்து, "பேர் வந்ததோ?" என்று கேட்கிறா.